ரப்பீஸ் எங்கே போகிறது?

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அப்பா காலத்து வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார். காண்ட்ராக்டர் கொடுத்த ஒப்பந்தத் தாளை நீட்டி, "சார், ஒரு தடவை படிச்சுப் பாருங்க, கணக்கு சரியா இருக்கான்னு" என்றார். ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகியும் ஊரில் நான் கணக்கு வாத்தியார்தான். நான்கு பக்கம் படித்தேன். சிமென்ட் எந்தக் கம்பெனி, கம்பி எத்தனை எம்எம், டைல்ஸ் சதுர அடி என்ன விலை, சுவிட்ச் பெட்டி எந்த மாடல், எல்லாம் இருந்தது. இடிக்கிற வீட்டின் கல்லும் மண்ணும் எங்கே போகும் என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை.

கேட்டேன். "அது காண்ட்ராக்டர் பார்த்துப்பாரு சார், எங்கயாவது கொட்டிடுவாங்க" என்றார்.

"எங்கயாவது" என்ற அந்தச் சொல்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. அது எந்த இடம் என்று நான் இரண்டு முறை நேரில் பார்த்திருக்கிறேன். ஒன்று சென்னையில், இன்னொன்று இங்கேயே.

சென்னைக் கதையை முதலில் சொல்கிறேன். என் தங்கைக்கு மடிப்பாக்கத்தில் ஒரு வீடு இருந்தது. ஒரு கிரவுண்டு மனை, கீழும் மேலுமாக 2,000 சதுர அடி. மாப்பிள்ளை 1991-இல் வங்கிக் கடன் வாங்கிக் கட்டியது. அவர் போன பிறகு தனியாக அந்த வீட்டைப் பராமரிக்கத் தங்கையால் முடியவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்று கீழ்த்தளத்துச் சுவரெல்லாம் ஊறிப் போயிருந்தது. கடைசியில் 2023-இல் ஒரு பில்டரோடு ஜாயின்ட் வென்ச்சர் பேசினார்கள். பழைய வீட்டை இடித்துவிட்டுக் கீழே கார் நிறுத்தம், மேலே மூன்று தளம், ஆறு ஃபிளாட். அதில் பாதி தங்கைக்கு. "அண்ணா, எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியல, நீங்க வந்து நில்லுங்க" என்றாள். போய் நின்றேன். நாலு மாதம்.

இடிப்பதற்கு நாம்தான் பணம் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இடிக்கிறவர் எங்களுக்குப் பணம் கொடுத்தார்! இதைக் கேட்டு ஆச்சரியப்படாதவர்கள் சென்னைக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். தேக்குக் கதவும் நிலையும் பழைய மரச்சாமான் கடைக்கு, ஜன்னல் கம்பியும் கிரில்லும் இரும்புக் கடைக்கு, வயரிலிருந்து உரித்த செம்பு தனியாக, குழாய் தனியாக. கான்கிரீட்டை உடைத்துக் கம்பியை உருவி, நிமிர்த்தி, எடைக்குப் போடுகிறார்கள். முழுசாகக் கிடைக்கும் செங்கல்லைச் சுத்தம் செய்ய இரண்டு அம்மாக்கள் நாள் முழுவதும் உட்கார்ந்து கொத்திக்கொண்டிருந்தார்கள். சிமென்ட் கலவையில் கட்டிய சுவர் என்பதால் பத்துக் கல்லில் நாலு கல் தேறினால் பெரிய விஷயம். "சுண்ணாம்புச் சுவரா இருந்தா கல்லு அப்படியே வெள்ளையா வந்துரும் சார், இது கல்லோட கல்லா ஒட்டிக்கிது" என்றார் ஒரு அம்மா.

விலை போகிறதெல்லாம் போன பிறகு மிஞ்சுவதுதான் ரப்பீஸ். அரசாங்க மொழியில் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு. உடைந்த கான்கிரீட், செங்கல் துண்டு, பூச்சுக் காரை, டைல்ஸ் சில்லு, சானிட்டரி பீங்கான், கழிவறைக்கு மேலே போட்டிருந்த சிமென்ட் ஷீட். அந்த ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது, அதை உடைத்துப் பொடியாக்கக் கூடாது, தூளைச் சுவாசிக்கக் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு பையன் சிரித்துக்கொண்டே கடப்பாரையால் ஒரு போடு போட்டான். முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டியிருக்கவில்லை.

எட்டு நாளில் வீடு தரைமட்டமானது. லாரி இரவில்தான் வரும், பகலில் அந்தத் தெருவில் நிறுத்த முடியாது. முதல் இரண்டு நாள் வாசலில் நின்று லோடு எண்ணினேன். மூன்றாம் நாள் டிரைவரிடம் கேட்டேன்.

"எங்க தம்பி போகுது?"

"ஃபில்லிங்குக்கு சார்."

"எங்க ஃபில்லிங்?"

"எங்கயாவது கேப்பாங்க சார். போன்ல சொல்லுவாங்க."

பையன் திண்டிவனம் பக்கம். என் பேச்சை வைத்தே "சார் நம்ம ஊர்ப் பக்கமா?" என்று கண்டுபிடித்துவிட்டான். அந்த உரிமையில் "நானும் வர்றேன், ஏத்திக்கோ" என்றேன். தயங்கினான். பிறகு ஏற்றிக்கொண்டான். இரவு பதினொன்றரை மணி. ரேடியல் ரோட்டுப் பக்கமாகச் சுற்றிச் சுற்றிப் போய் ஒரு மண் பாதையில் இறங்கினோம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பை ஒட்டிய ஒரு தாழ்வான மனை. ஹெட்லைட் வெளிச்சத்தில் கோரைப்புல்லும் அதற்கு அப்பால் தண்ணீரும் தெரிந்தன. எங்களுக்கு முன்னால் கொட்டிய குவியல்கள் ஏழெட்டு. பையன் பின்புறத்தைத் தூக்கினான். என் தங்கை வீட்டு மாடிப்படியின் மொசைக் துண்டு ஒன்று சரிந்து போய்த் தண்ணீர் ஓரம் விழுந்தது. இருட்டிலிருந்து ஒருவர் டார்ச்சோடு வந்து பையன் கையில் பணம் கொடுத்தார். அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை.

திரும்பி வரும்போது கேட்டேன். "ஏம்பா, பெருங்குடியில மாநகராட்சி ஆலை இருக்குதே, ரப்பீஸை அரைச்சு ஜல்லியும் மணலுமா பிரிக்கிற ஆலை. ஆறேழு கிலோமீட்டர்தானே? அங்க ஏன் போகல?"

"அங்க போனா நான் காசு கட்டணும் சார். இங்க போனா எனக்குக் காசு குடுக்குறாங்க."

முப்பத்து மூன்று வருடம் நான் நடத்திய எந்தக் கணக்குக்கும் இவ்வளவு சுருக்கமான விடை வந்ததில்லை. தப்பான இடம் காசு தருகிறது, சரியான இடம் காசு கேட்கிறது. பில்டர் லாரிக்கு வாடகை கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிறார். மனைக்காரருக்குப் பள்ளம் மேடாகிறது. நடுவில் டிரைவர் இரண்டு பக்கமும் சம்பாதிக்கிறார். மூன்று பேருக்கும் லாபமாக இருக்கும் ஒரு வியாபாரத்தை அறிவிப்புப் பலகை வைத்து நிறுத்த முடியுமா?

பள்ளிக்கரணையைப் பற்றி இரண்டு வரி. ஒரு காலத்தில் 50 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு. தென்சென்னையின் ஏரிகள் பலவற்றின் மழைநீர் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்குப் போகும் இடம். 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, சுமார் 1,247 ஹெக்டேர். மீதி எங்கே என்று கேட்டால் சாலையாகவும் கட்டடமாகவும் குப்பை மேடாகவும் இருக்கிறது. அந்தக் கட்டடங்களுக்குக் கீழே நிரப்பியதில் எத்தனை பேருடைய பழைய வீடுகள் கிடக்கின்றனவோ.

அதே வருடம் டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். தங்கை அப்போது பக்கத்திலேயே கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தாள். இரவோடு இரவாகத் தண்ணீர் உள்ளே வந்து, கட்டிலின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவளை மறுநாள் படகில் கொண்டுவந்தார்கள். போனில் பேசும்போது அழவில்லை. "நம்ம வீட்டைக் கொண்டு போய்த் தண்ணி போற வழியில போட்டோம், அது தண்ணிய நம்மகிட்டயே அனுப்பிருச்சு" என்றாள். ஒரு வீட்டு ரப்பீஸால் வெள்ளம் வராது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லி அவளைச் சமாதானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

இனி கொஞ்சம் கணக்கு. கணக்கென்றால் ஓடுகிறவர்கள் இந்தப் பத்திகளைத் தாண்டிவிடலாம் (என் வகுப்பிலும் அப்படித்தான் செய்தீர்கள்).

ஒரு கான்கிரீட் வீட்டை இடித்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ கழிவு வரும், புதிதாகக் கட்டும்போது சதுர மீட்டருக்கு 40 முதல் 60 கிலோ வரும் என்று மத்திய அரசின் டைஃபாக் அமைப்பு இருபது ஆண்டுகளுக்கு முன்பே மதிப்பிட்டிருக்கிறது. தங்கை வீடு 2,000 சதுர அடி, அதாவது 186 சதுர மீட்டர். ஐந்நூறால் பெருக்கினால் 93 டன். நான் எண்ணிய லோடு ஒன்பது. லோடுக்குப் பத்து டன் என்று வைத்தால் ஏறக்குறைய அதேதான். புதுக் கட்டடம் 4,800 சதுர அடி, 446 சதுர மீட்டர். அதற்கு 22 டன். ஆக மொத்தம் 115 டன்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள் 2016 மார்ச்சில் வந்தன. நல்ல விதிகள். கான்கிரீட் தனி, மண் தனி, இரும்பு-மரம்-பிளாஸ்டிக் தனி, செங்கல்-காரை தனி என்று நான்காகப் பிரிக்க வேண்டும், எவ்வளவு வரும், எங்கே போகும் என்று முன்கூட்டியே திட்டம் கொடுத்து உள்ளாட்சியின் ஒப்புதல் வாங்க வேண்டும் என்றன. ஆனால் யாருக்கு? ஒரே நாளில் 20 டன்னோ, ஒரு மாதத்தில் ஒரு வேலைக்கு 300 டன்னோ அதற்கு மேலோ உண்டாக்குகிறவர்களுக்கு. தங்கை வீட்டின் 93 டன்னை எட்டு நாளுக்கு வகுத்துப் பாருங்கள். நாளைக்குப் பன்னிரண்டு டன்கூட இல்லை. வலையின் கண் வழியாக மீன் நழுவிவிட்டது. ரோட்டிலும் கால்வாயிலும் கொட்டாதே என்பது சின்னவர்களுக்கும் பொருந்தும்தான், ஆனால் எங்கே கொண்டு போனாய் என்று கேட்டுத் தாள் வாங்க ஆள் கிடையாது.

2025 ஏப்ரலில் புதிய விதிகளை அறிவித்திருக்கிறார்கள், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. கட்டுகிறவரே கழிவுக்கும் பொறுப்பு, குறிப்பிட்ட பங்கை மறுசுழற்சி செய்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறார்கள். வரவேற்கத்தக்கது. ஆனால் இந்தப் பொறுப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கு. அதாவது இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம் சதுர அடி! மடிப்பாக்கம், நங்கநல்லூர், மேற்கு மாம்பலம், அம்பத்தூர் என்று எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் நாலு வீட்டுக்கு ஒன்று பச்சைத் துணி போர்த்தி நிற்கிறது. எல்லாம் ஒரு கிரவுண்டு, ஒன்றரை கிரவுண்டு. நெருக்கமான நகரம் மாறுவது இப்படித்தான், வீடு வீடாக. பெரிய கோபுரங்களைக் கண்காணிப்பது சுலபம். 2022 ஆகஸ்டில் நொய்டாவில் இரட்டைக் கோபுரத்தைத் தகர்த்தபோது 80,000 டன் இடிபாடு எங்கே போகும் என்று நாடே கேட்டது. தங்கை வீட்டைப் போல 860 வீடு இடித்தால் அதே 80,000 டன். அதை யாரும் கேட்பதில்லை.

நாடு முழுவதும் வருடத்துக்கு 15 கோடி டன் கட்டுமானக் கழிவு வருவதாக ஒரு மதிப்பீடு உண்டு. அதில் மறுசுழற்சிக்குப் போவது ஒரு சதவீதம் அளவுக்குத்தான் என்று டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020-இல் சொன்னது. இத்தனைக்கும் டெல்லி புராரியில் 2009-லேயே ஆலை வந்துவிட்டது. சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூர் இரண்டு இடத்திலும் நாளைக்கு 400 டன் அரைக்கும் திறனோடு ஆலைகள் இருக்கின்றன. வழி தெரியாமல் இல்லை. லாரிதான் அந்த வழியில் போவதில்லை.

சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் இதைப் பற்றிப் பேசினேன். அங்கே கட்டுமானக் கழிவில் 99 சதவீதம் மறுசுழற்சி ஆகிறது. "அங்க சட்டம் கடுமையா?" என்றேன். "சட்டமும் இருக்கு சார். அதைவிட, இங்க மலை இல்ல சார்" என்றான். மணலும் ஜல்லியும் கப்பலில்தான் வர வேண்டும். 2007-இல் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியைத் தடை செய்தபோது ஊரே திண்டாடியது. அதனால் உடைத்த கான்கிரீட்டுக்கும் அங்கே மதிப்பு இருக்கிறது. நமக்கு? நமக்குத் திருவக்கரை இருக்கிறது.

திருவக்கரை எங்கள் வானூர் வட்டத்தில்தான். வெளியூர்க்காரர்களுக்கு வக்ரகாளியம்மன் கோயிலும் கல்மரப் பூங்காவும் தெரிந்திருக்கும். இரண்டு கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் இடம். 1940 முதல் அதைப் புவியியல் ஆய்வுத் துறை வேலி போட்டுப் பாதுகாக்கிறது. வருடா வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போவேன். வேலிக்கு வெளியே கல்குவாரிகளும் கிரஷர்களும். பேருந்தில் போகும்போதே வெடிச் சத்தம் கேட்கும், ரோட்டோரப் புளிய மரமெல்லாம் மாவு பூசினாற்போல் வெள்ளையாக நிற்கும். கல்லான மரத்தைக் காக்க ஒரு வேலி, பக்கத்தில் கல்லைப் பொடியாக்க ஒரு இயந்திரம். பிள்ளைகளில் யாராவது ஒருவர் "ஏன் சார், இந்தக் கல்லை மட்டும் உடைக்கலாமா?" என்று கேட்காமல் இருந்ததில்லை. நான் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு பதில் சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.

மடிப்பாக்கத்தில் அஸ்திவார வேலை தொடங்கியபோது முதல் ஜல்லி லோடு வந்தது. மேஸ்திரி லாரிச் சீட்டை வாங்கி என்னிடம் கொடுத்தார், நான்தான் நோட்டில் எழுதுகிறவன். ஏற்றிய இடம் என்பதற்கு நேரே வானூர் வட்டம் என்று இருந்தது. நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி வந்து வேலை பார்க்கிறேன், எங்கள் ஊர் மலை எனக்குப் பின்னாலேயே வந்திருக்கிறது.

கட்டி முடிப்பதற்குள் ஜல்லியும் எம்-சாண்டும் சேர்த்து 130 யூனிட்டுக்கு மேல் வந்தது. டன்னில் சொன்னால் 550 சுமார். ஆற்று மணல் கிடைக்காததால் மணலுக்குப் பதில் வருவதும் மலையின் பொடிதான். அப்படியானால் சதுப்பில் கொட்டிய 93 டன்னும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு மலையும் ஆறும்தானே? அதை அரைத்துப் பயன்படுத்தியிருந்தால் 550 டன்னில் ஆறில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும். ஆறில் ஒன்றுதான். மறுசுழற்சி செய்தால் மலை பிழைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், கணக்கு அப்படி வரவில்லை. ஒரு வீடு இருந்த இடத்தில் ஆறு வீடு கட்டும்வரை மலை உடையத்தான் செய்யும். ஆனால் குழியும் தோண்டி, குளத்தையும் மூடுவது என்ன கணக்கு?

"பழைய கான்கிரீட்டைப் போட்டா கட்டடம் நிக்குமா சார்?" என்று மேஸ்திரி கேட்டார். நியாயமான பயம். 2014 ஜூனில் மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்த ஊர் இது. தரம் என்றால் பயப்படத்தான் வேண்டும். ஆனால் இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 383, 2016-லேயே இதற்கு அளவு சொல்லிவிட்டது. கான்கிரீட்டை உடைத்து எடுத்த ஜல்லியைக் கம்பி போட்ட கான்கிரீட்டில், எம்-25 தரம் வரை, 20 சதவீதம் கலக்கலாம். கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம். தரைக்கு அடியில் போடும் மெலிந்த கலவையில் முழுக்கவே போடலாம். நடைபாதைக் கல், காம்பவுண்டு சுவர்க் கல் எல்லாம் இதில் செய்யலாம். தூணுக்கும் பீமுக்கும் போடு என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

நம் முன்னோருக்கு இது புதிதும் இல்லை. என் சிறு வயதில் எங்கள் தெருவில் மண் சுவர் வீட்டைப் பிரித்தால் சுவர் மண்ணைக் கேட்டு வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள், வயலுக்கு எருவாக. கை மரமும் வாரையும் அடுத்த வீட்டுக்குப் போகும். உடைந்த செங்கல் மாடித் தளத்துக்குச் சுண்ணாம்பு ஜல்லி ஆகும், தூள் சுர்க்கி ஆகும். ரப்பீஸ் என்ற சொல்லே அப்போது எங்களுக்குத் தெரியாது. பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை, அந்த வீடுகளில் மழைக்கு ஒழுகாத இடத்தைத் தேடித்தான் படுப்போம்.

இதுவரை எழுதியதை இங்கேயே நிறுத்தியிருந்தால் நான் நல்லவனாகத் தெரிந்திருப்பேன்.

2019-இல் எங்கள் வீட்டுச் சமையலறையை இடித்துப் பெரிதாக்கினோம். மனைவிக்கு மேடை உயரமாக வேண்டும், மூட்டு வலி. மூன்று டிராக்டர் லோடு வந்தது. டிராக்டர் ஓட்டியவன் என்னிடம் படித்தவன். "சார், எங்க சார் கொட்டட்டும்?" என்று மரியாதையாகக் கேட்டான். நான் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமல், "எங்கயாவது பார்த்துக் கொட்டுப்பா" என்றேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. மரக்காணம் உப்பளமெல்லாம் கடலா பாத்தியா என்று தெரியாத அளவுக்கு வெள்ளம். எங்கள் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் ஓடைகள் வழியாகக் கழுவேலிக்குப் போய், அங்கிருந்து கழிமுகம் வழியாகக் கடலில் சேர வேண்டும். கழுவேலி, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட 5,151 ஹெக்டேர் நீர்நிலை. அதற்குப் போய்ச் சேருகிற ஓடைகள் ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் புயல் வந்தால்தான் பார்க்கிறோம். எங்கள் ஊர் ஓடையில் தண்ணீர் போகவில்லை. பின்னால் இருக்கும் தாழ்வான தெருவுக்குள் திரும்பிவிட்டது. பதினெட்டு வீடு. மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். ஒரு வீட்டில் மூன்று ஆடு செத்தது, கயிறு அவிழ்க்க நேரம் இல்லை.

மழை விட்டதும் ஜேசிபி கொண்டுவந்து சிறு பாலத்துக்கு அடியில் அடைத்திருந்ததைத் தோண்டினார்கள். நானும் போய் நின்றேன், பெரிய மனிதன் மாதிரி, யார் இப்படியெல்லாம் கொட்டுவது என்று சத்தம் போட்டுக்கொண்டு. நெகிழிப் பை, முள், தென்னை மட்டை, அதற்கு அடியில் கல்லும் காரையும். மூன்றாவது வாரியில் டைல்ஸ் வந்தது. வெள்ளையில் நீலப் பூ, ஓரத்தில் மஞ்சள் கோடு. என் மனைவி 1998-இல் பாண்டிச்சேரிக்குப் போய்க் கடை கடையாக ஏறி எடுத்த டிசைன். ஊரில் வேறு யார் வீட்டிலும் கிடையாது.

ஜேசிபி ஓட்டியவருக்குத் தெரியாது. நின்றவர்களில் ஓரிருவருக்குத் தெரிந்திருக்கும், எங்கள் வீட்டுச் சமையலறையில் தண்ணீர் வாங்கிக் குடித்தவர்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் சத்தம் போடுவதை நிறுத்தினேன்.

அடைப்பு முழுக்க என்னுடையது இல்லை. மூன்று லோடு என்னுடையது, அதற்கு மேல் யார் யாரோ. முதலில் ஒருவர் கொட்டினால் அந்த இடம் கொட்டும் இடம் ஆகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் லோடு என்னுடையதா என்று டிராக்டர் ஓட்டியவனிடம் ஒரு நாள் கேட்டுவிட்டேன். "விடுங்க சார், பழைய கதை" என்றான். ஆடு செத்த வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிப் பணம் கொடுத்தேன். அந்த அம்மா வாங்கிக்கொண்டாள். "நீங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு என்ன பதில் சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை.

சரி, பக்கத்துத் தெருக்காரருக்கு வருவோம். அவரோடு உட்கார்ந்து ஒப்பந்தத்தில் நான்கு வரி எழுதினேன். இடிக்கும்போதே செங்கல், கான்கிரீட், மற்றவை என்று தனித்தனியாகக் குவிக்க வேண்டும். செங்கல் துண்டும் காரையும் அவர் வீட்டு பேஸ்மென்ட் ஃபில்லிங்குக்கே போக வேண்டும், எப்படியும் அதற்குக் கிராவல் வாங்கத்தான் போகிறார்கள். கான்கிரீட் துண்டை உடைத்துத் தரைக்கு அடியிலும் வாசல் நடைபாதைக்கு அடியிலும் போட வேண்டும். மீதி எங்கே போகிறது என்று இடத்தின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசித் தவணைப் பணம் அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான்.

நகரத்திலும் இதையே பெரிய அளவில் செய்யலாம் என்பது என் எண்ணம். பிளான் அனுமதிக்கும்போதே, ஒரு கிரவுண்டு வீடாக இருந்தாலும், ஒரு தொகையை வைப்பாக வாங்கிக்கொள்ளட்டும். ஆலையின் எடைச் சீட்டைக் காட்டினால் திருப்பிக் கொடுக்கட்டும். அப்போது டிரைவருக்கு அந்தச் சீட்டே காசு. டார்ச்சோடு வருகிறவர் கொடுப்பதைவிட அதிகமாக இருந்தால் லாரி தானாகப் பெருங்குடிக்குத் திரும்பும். சென்னையில் இருப்பவர்கள் சின்ன வேலை செய்தால் 1913-க்குப் போன் செய்து மாநகராட்சியிடம் கேளுங்கள். டிரைவரிடம் விடாதீர்கள்.

எங்கள் காண்ட்ராக்டர் நான்கு வரியையும் படித்துவிட்டுச் சிரித்தார். "சார், வீடு கட்றதா, ஆராய்ச்சி பண்றதா?" என்றார். பிரிப்பதற்கு இரண்டு ஆள் கூடுதல், ஆறாயிரம் ரூபாய் அதிகம் என்றார். கிராவல் மிச்சமாவதைக் கழித்தால் எவ்வளவு என்று நான் கேட்டேன். அதைக் கணக்குப் பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று போயிருக்கிறார்.